வாசகர் கேள்வி – பதில்: லயத்து வாசலுக்கு வரும் ஆய்வுகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. இலங்கையின் மலையகத்தில், லயம் எனப்படும் தோட்ட வரிசை வீடுகளில் நடக்கும் ஆய்வுகளால் மலையக மக்களுக்குக் கிடைப்பது என்ன என்பதே அது. ஆகவே ஆறு கடிதங்களை மாத்திரம் தெரிந்தெடுத்து, இயன்ற அளவு விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

எங்கள் தோட்டத்துக்கு ஆண்டில் இரண்டு மூன்று தடவை யாராவது படிவங்களோடு வந்து, சம்பளம் எவ்வளவு, காம்பராவில் எத்தனை பேர், கழிப்பறை உண்டா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறார்கள். போனவர்கள் திரும்பி வந்ததே இல்லை. இந்த ஆராய்ச்சிகளால் யாருக்கு என்ன பயன்?
— ஓர் ஆசிரியை, பொகவந்தலாவை

உங்கள் கோபம் நியாயமானது. நானும் இப்படியொரு காட்சியைப் பார்த்திருக்கிறேன். மாலை நான்கரை மணி இருக்கும். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய நனைந்த படங்கைக்கூட அவிழ்க்காமல் வந்த ஒரு தாயை இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், நிறுத்திவைத்து, ஓர் ஆய்வுக் குழுவினர் நாற்பதுக்கும் மேற்பட்ட கேள்விகளைக் கேட்டார்கள். உள்ளே பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அடுப்பெரிக்கும் தேயிலைக் குச்சியான மிலாறு இன்னும் ஒடிக்கவில்லை. பத்தாவது கேள்விக்குப் பிறகு அந்தத் தாய் எல்லாவற்றுக்கும் "ஆமாங்க" என்றே சொன்னார். அந்த "ஆமாங்க"க்கள் பிறகு அட்டவணையாகி, விழுக்காடாகி, அச்சேறியிருக்கும். அவற்றை நம்பி எடுக்கப்படும் முடிவு எப்படியிருக்கும் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஆனாலும் ஆய்வே வேண்டாம் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். ஒரு நோய்க்கிருமி எப்படி வளர்கிறது என்று ஆய்வுகூடத்தில் தேடுவது ஒரு வேலை. அந்த நோய் ஒரு குறிப்பிட்ட ஊரில் ஏன் நிற்காமல் இருக்கிறது, அங்குள்ள வருமானத்தையும் தண்ணீரையும் பழக்கத்தையும் வைத்துக்கொண்டு அதை எப்படி நிறுத்துவது என்று தேடுவது வேறொரு வேலை. இரண்டாவதையே பிரயோக ஆய்வு என்கிறோம். மருந்தைப் பற்றிய அறிவு மட்டும் அதற்குப் போதாது. மருந்தைக் குடிக்க வேண்டியவரைப் பற்றிய அறிவும் வேண்டும்.

வங்காளதேசத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வயிற்றோட்டத்தால் உடல் வற்றிப்போகும் குழந்தையை உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் காப்பாற்றும் என்பது டாக்காவிலும் கல்கத்தாவிலும் நடந்த ஆய்வுகளால் 1960களின் இறுதியிலேயே தெளிவாகிவிட்டது. 1971 போர்க்காலத்தில் அகதி முகாமொன்றில் மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் அதைப் பெருமளவில் கொடுத்து உயிர்களைக் காத்தார். ஆனால் பொதி செய்யப்பட்ட மருந்து எட்டாத கிராமங்களில் என்ன செய்வது? 1980 முதல் பத்து ஆண்டுகள் பிராக் என்ற நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்ற அளவைத் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 1 கோடி 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அந்தப் பாடம் போய்ச் சேர்ந்தது. இதில் நான் மிகவும் மதிப்பது அவர்கள் சம்பளம் கொடுத்த முறையை. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுச் சம்பளம் கொடுக்காமல், சில வாரங்களின் பின் வேறொருவர் சென்று சில தாய்மாரைச் சோதித்து, அவர்களில் எத்தனை பேர் சரியாகக் கலக்கிக் காட்டினார்கள் என்பதைப் பார்த்தே கொடுத்தார்கள். கற்றுக்கொண்ட தாய்மாரில் பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தபோது, ஏன் என்று போய்க் கேட்டார்கள். வீட்டு ஆண்களுக்கு அதில் நம்பிக்கையில்லை என்பது காரணங்களில் ஒன்றாக இருந்தது. உடனே ஆண்களைச் சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் சந்தித்துப் பேசத் தொடங்கினார்கள். திரும்பிப் போய்க் கேட்டதனால்தான் அந்த முயற்சி பலித்தது.

ஆகவே அடுத்த முறை படிவத்தோடு வருபவரிடம், அவர் எழுதத் தொடங்குமுன் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்கலாம். இந்தக் கேள்வியை எழுப்பியது யார்? முடிவை எங்களுக்குத் தமிழில் எப்போது வந்து சொல்வீர்கள்? பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுவீர்களா? மூன்றாவது கேள்விக்கு "ஆம்" என்ற பதில் தர அவர் கடமைப்பட்டவர். ஆய்வு நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது.

இன்னொன்றையும் கேளுங்கள்: தோட்டத்தின் உயரத்திலுள்ள மேற்பிரிவுக்கும் போவீர்களா? வளர்ந்துவரும் நாடுகளின் கிராமங்களை ஆராய்ந்த ரொபர்ட் சேம்பர்ஸ், ஆய்வாளர்கள் தார்ச் சாலையோரத்தையும் மழையில்லாத மாதங்களையும் விட்டு விலகுவதில்லை என்று 1980களிலேயே சுட்டிக்காட்டினார். வேன் போகக்கூடிய இடத்தோடு ஆய்வு நின்றுவிட்டால், மழைக்காலத்தில் நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கி வரும் லயத்தின் கதை எந்த அறிக்கையிலும் வராது.

தேயிலையைக் காப்பாற்றக் குளவியொன்றை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று எங்கள் ஆசிரியர் கூறினார். உண்மையா?
— உயர்தர மாணவி, ஹட்டன்

உண்மைதான். தலவாக்கலையில் சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் தேயிலை இலைகளை நூலால் சேர்த்துக் கட்டி, அதற்குள் ஒளிந்திருந்து தின்னும் ஒரு புழு தோட்டங்களைப் பெரிதும் வருத்திவந்தது. 1935–36 காலப்பகுதியில் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியினம் கொண்டுவந்து விடப்பட்டது. நம்மைக் கொட்டும் பெருங்குளவியோடு இதைச் சேர்த்து எண்ண வேண்டாம். இது மிகச் சிறிய, மெல்லிய பூச்சி. புழுவின் உடலுக்குள் இது முட்டையிடும். பொரித்துவரும் குடம்பிகள் அந்தப் புழுவைத் தின்றே வளரும். மருந்து தெளிக்காமலே புழுவின் தொல்லை அடங்கியது.

இக்கதையின் பிற்பகுதி உங்கள் பாடத்துக்கு இன்னும் பயன்படும். 1950களில், தேயிலைக் கிளைகளைத் துளைக்கும் வண்டைக் கொல்வதற்காக டீல்ட்ரின் என்ற பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டது. அது அந்தக் குளவியையும் கொன்றது. அடங்கியிருந்த இலைகட்டும் புழு மீண்டும் பெருகியது. ஒரு சிக்கலைத் தனியாக வெட்டியெடுத்து ஆராய்ந்தால் பக்கத்தில் இருந்த தீர்வு அழிந்துபோகலாம் என்பதற்கு நம் மலையிலேயே நடந்த சான்று இது.

காலந்தாழ்ந்து வந்த ஆய்வுக்கும் நம்மிடம் ஒரு சான்று உண்டு. கோப்பி இலைகளைத் துருப்போல மூடிய பூஞ்சை நோய் 1869இல் இலங்கையில் அறியப்பட்டது. அதை ஆராய மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து சேர்ந்தது 1880இல். நோயின் வரலாற்றை அவர் மிகத் திறமையாக விளக்கினார். ஒரே பயிரை மலை மலையாக நெருக்கி நட்டது பூஞ்சைக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது என்பதையும் காட்டினார். ஆனால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. கோப்பி பருவத்துக்கு ஆள் கேட்ட பயிர்; அதன் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கை வேண்டும். வந்து போய்க்கொண்டிருந்த நம் முன்னோர் இங்கேயே தங்கிவிட்டதற்கு அந்தப் பூஞ்சையும் ஒரு காரணம்.

மீரியபெத்தையில் மண்சரிவு வரும் என்று ஆய்வாளர்களுக்கு முன்பே தெரியும் என்கிறார்கள். தெரிந்திருந்தால் ஏன் அத்தனை உயிர்கள் போயின?
— ஓர் இளைஞர், ஹல்துமுல்லை

இந்தக் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில். அந்தச் சரிவு ஆபத்தானது, மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. அப்படியானால் மண்ணைப் பற்றிய ஆய்வில் குறை இருக்கவில்லை.

எச்சரிக்கைக்கும் இஸ்தோப்புக்கும் இடையில் இருந்த தூரத்தை யாரும் அளக்கவில்லை என்பதே என் பதில். "இடம்பெயருங்கள்" என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்லும்போது, எங்கே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். லயக் காம்பரா அவர்களுடைய பெயரில் இல்லை. வேறு காணியும் இல்லை. வேலை, பிள்ளையின் பள்ளிக்கூடம், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா, கடன் கொடுக்கும் கடை, கோயில் ஆகிய அனைத்தும் அதே மலையில் இருக்கின்றன. மலை எப்போதோ ஒருநாள் விழலாம். வேலையை விட்டால் நாளைக்கே அடுப்பு எரியாது. இந்தக் கணக்கைப் போட்டுத்தான் மக்கள் அங்கே இருந்தார்கள். அதை அறியாமை என்று எழுதுபவர்களை நான் ஏற்றுக்கொள்வதில்லை. காணி உரிமையும் மாற்றுக் குடியிருப்பும் தொழிலும் பற்றிய சமூக ஆய்வு, மண் ஆய்வுக்குப் பக்கத்திலேயே அதே வேகத்தில் நடந்திருக்க வேண்டும். அதன் முடிவை நிறைவேற்றும் பணமும் கூடவே வந்திருக்க வேண்டும்.

இன்று உங்கள் கையில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மேற்படி நிறுவனம் மழையின் அளவைக் கொண்டு எச்சரிக்கையை வகுத்திருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினாலோ, ஒரே மணித்தியாலத்தில் 75ஐத் தாண்டினாலோ உடனே வெளியேற வேண்டும். மழைமானிக்குக் காசு தேவையில்லை. பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டியெடுத்து, அதையே தலைகீழாகப் புனல்போல வாயில் பொருத்துங்கள். அடியில் கூழாங்கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை நீர் விட்டு, அங்கே சுழியம் என்று கோடு போடுங்கள். அதிலிருந்து மேலே பள்ளிக்கூட அடிமட்டத்தை ஒட்டுங்கள். கூரையின் பீலி நீரும் மரத்தின் சொட்டும் விழாத வெளியில், காற்றில் சாயாதபடி நட்டு, நாள்தோறும் காலை எட்டரைக்கு வாசித்து எழுதிவிட்டு மறுபடி சுழியக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர் என்பது 75 மில்லிமீற்றர். கடுமழையில் மறுநாள் காலைவரை காத்திருக்காமல் மணிக்கு ஒருமுறை பாருங்கள்.

அளவு எட்டாவிட்டாலும் மலை காட்டும் அடையாளங்களை நம்புங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்பு விழுவது, மரங்களும் மின்கம்பங்களும் சாய்வது, இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புவது, தெளிவாக ஓடிய பீலித் தண்ணீர் திடீரெனச் சேறாவது அல்லது நின்றுபோவது ஆகியவை கண்டவுடன் வெளியேற வேண்டிய அடையாளங்கள். மேலேயுள்ள மலையில் மழைநீர் வடியும் கான்கள் மண் நிரம்பித் தூர்ந்து கிடந்தால், வழிந்தோட வேண்டிய மழை நிலத்துக்குள் இறங்கி, மண்ணின் பாரத்தைக் கூட்டி, அதன் பிடிப்பையும் தளர்த்திவிடும். எந்தக் கான் எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை நடந்து பார்த்து, வரைபடமாக எழுதி, தோட்ட நிர்வாகத்துக்கும் கிராம அலுவலருக்கும் திகதியிட்டுக் கொடுங்கள். இதுவும் ஆய்வுதான், அதைச் செய்ய உங்களைவிடத் தகுதியானவர் இல்லை.

புகை குறையும் என்று சொல்லி அடுப்பொன்று தந்தார்கள். சில மாதங்களில் அதை மூலையில் வைத்துவிட்டேன். தவறு என்னுடையதா?
— ஒரு குடும்பத் தலைவி, மஸ்கெலியா

இல்லை, அம்மா. நீங்கள் ஏன் மூலையில் வைத்தீர்கள் என்பதைக் கேட்டறிவதுதான் ஆய்வின் முக்கியமான பகுதி. இந்தியாவின் ஒடிசாவில் ஏறத்தாழ 2,600 குடும்பங்களிடம் இதை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து பார்த்தார்கள். ஆய்வுகூடத்தில் நன்றாக எரிந்த அடுப்பு, வீடுகளில் முதலாண்டில் புகையைச் சற்றுக் குறைத்தது. பிறகு பயன் தெரியவில்லை. அடுப்பு உடைந்தது, புகைபோக்கி துப்புரவாக்கப்படவில்லை, பலர் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள்.

நம் நாட்டிலேயே உருவான அனகி அடுப்பு வேறு வழியில் போனது. இரண்டு சட்டிகள் வைக்கக்கூடிய, ஒரே துண்டாகச் சுட்ட மண் அடுப்பு அது. முதற் சட்டியின் அடியில் எரியும் தீயின் சுவாலை உள்வழியாகச் சென்று இரண்டாவதையும் சூடாக்கும்; சோறு முன்னால் வேக, கறி பின்னால் கொதிக்கும். நம் சட்டிகளின் பருமனைப் பார்த்து வடிவமைத்து, குயவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, சந்தையில் விற்கச் செய்தார்கள். விறகு மிச்சமாவதால் மக்கள் காசு கொடுத்து வாங்கினார்கள்.

ஆனால் அனகிக்குப் புகைபோக்கி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். விறகு குறைவதால் புகையும் குறையலாம். எஞ்சிய புகைக்கு வெளியேறும் வழி வேண்டும். சன்னலே இல்லாத காம்பராவில் எந்த அடுப்பும் முழுப்பயன் தராது. கவ்வாத்து மலையிலிருந்து சுமந்துவரும் மிலாறு ஈரமாக இருந்தால் புகை இரட்டிப்பாகும். அடுப்புக்கு மேலே பரண் கட்டிக் காய வைப்பது நம் பெண்கள் கண்ட நல்ல வழி. வாய் சிறுத்த அடுப்பில் கோணலான மிலாறு நுழையாது. அதைச் சிறு துண்டாக ஒடிக்க வேலை முடிந்து வந்த பெண்ணுக்கு நேரமும் இருக்காது. உங்களுக்கு நேர்ந்தது இதுவாக இருக்குமானால், அடுப்பைத் தந்தவர்களிடம் அப்படியே சொல்லுங்கள்.

உயரமான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்தில் கொதிக்குமாம். அப்படியென்றால் நுவரெலியாவில் கொதித்தாறிய நீர் பாதுகாப்பானதா?
— ஒரு வாசகர், நானுஓயா

பாதுகாப்பானது. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், அங்கே நீர் சுமார் 94 பாகை செல்சியசில் கொதிக்கும். நோய்க்கிருமிகள் சாவதற்கு அது தாராளம். குமிழிகள் நன்றாகப் புரண்டு கொதித்தால் போதும், ஆறியபின் மூடி வைக்க வேண்டும். வெயிலில் ஆறு மணி நேரம் போத்தலை வைத்து நீரைச் சுத்திகரிக்கும் முறையைச் சிலர் சொல்லக்கூடும். வெயில் காயும் நாடுகளில் அது நல்ல முறைதான். வானம் மூடியிருந்தால் இரண்டு நாள் வைக்க வேண்டும்; வாரக்கணக்கில் மூடுபனி விலகாத நம் மலைகளில் அதை நம்பியிருக்க முடியாது.

நான் தோட்டத் தொழிலாளியின் மகள். பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். எங்கள் மக்களுக்குப் பயன்படும் ஆய்வொன்றைச் செய்ய விரும்புகிறேன். எதை எடுக்கலாம்?
— ஒரு மாணவி, பதுளை

மகளே, உங்கள் கடிதம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. இரத்தச்சோகையை எடுங்கள் என்பேன். 1916 அளவில் ரொக்கபெல்லர் அறக்கட்டளையின் மருத்துவக் குழுக்கள் இங்குள்ள தோட்டங்களில் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தன. குடலில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் அந்தப் புழு மருந்தால் வெளியேறியது. ஆனால் கழிப்பறை இல்லாத லயன்களில், வெறுங்காலோடு நடந்தவர்களின் பாதத்தோல் வழியாக அது மறுபடியும் ஏறியது. புழுவோடு உணவுக் குறையும் சேர்ந்த இந்தச் சிக்கல் இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி வயதுக்கேற்ற உயரமில்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடு முழுவதிலும் 17.3 விழுக்காடு, தோட்டத்துறையில் 31.7 விழுக்காடு. தாயின் உடல்நிலையில் தொடங்கும் வேறுபாடு இது.

இதற்குள் ஒரு சிறிய கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். குடும்பநல மாது கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். தேயிலையிலுள்ள தனின் என்ற பொருள், உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்பைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும் என்பது நன்கு நிறுவப்பட்ட உண்மை. காலையில் ரொட்டியோடு சாயத் தண்ணி, பத்து மணிக்கு மலையில் சாயத் தண்ணி, வந்தவுடன் மறுபடியும் சாயத் தண்ணி என்றிருக்கும் நாளில், ஒரு பெண் அந்த மாத்திரையை எப்போது, எதனோடு விழுங்குகிறாள்? ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள் என்று சொன்னால் அவளுடைய வேலை நாளில் அதற்கு இடம் இருக்கிறதா? இரவில் படுக்குமுன் வெறும் நீரோடு விழுங்கச் சொன்னால் எத்தனை பேரால் தொடர முடிகிறது? இரண்டு மூன்று பிரிவுகளில், சில மாதங்களில், உங்கள் கைக்கு அடக்கமாகச் செய்யக்கூடிய வேலை இது. ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதியைப் பெற்று, பிரதேச சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனையோடு பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்விப்படிவத்தைத் தயாரித்ததும் பேராசிரியரிடம் கொடுக்குமுன் உங்கள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும்போது வேண்டாம். மலையால் வந்து கூடையை இறக்கிய கையோடு, நின்றபடி கேட்கட்டும். எந்தக் கேள்வியில் அவர் அடுப்படிப் பக்கம் திரும்புகிறாரோ, அந்தக் கேள்விக்கு அருகில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, வீட்டுக்குள் போய் அதை மறுபடியும் எழுதுங்கள்.